வீட்டுக்குள் இருக்கும் நேரம்

எந்த வீட்டுக்குப் போனாலும் சுஜா முதலில் கேட்பது, படுக்கிற அறையில் ஆணி இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் ஸ்டூல் கேட்டு வாங்கி, அதில் ஏறி, பரண் சட்டத்தில் நூலைக் கட்ட வேண்டும். ஏறும்போது முழங்கால் சொல்வதைக் காதில் வாங்காதவள் போல இருக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் பிஎச்.டி. செய்கிறவள் ஸ்டூலைப் பற்றிப் புகார் சொல்ல முடியாது.

நூலின் நுனியில் தொங்குவது ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணம். அதற்குள் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் படலம். மூன்று மாதம் அது அந்த அறையின் காற்றில் தொங்கும். மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் ரேடான் என்ற வாயு ஓயாமல் கசிந்துகொண்டிருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. வெளியில் காற்றோடு காற்றாகக் கரைந்துவிடும். மூடிய அறைக்குள் வந்தால் தங்கிவிடும். நெடுங்காலம் அதிகமாகச் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது. அறையில் எவ்வளவு தங்குகிறதோ அவ்வளவுக்குப் படலத்தில் தழும்பு விழும். கல்லூரி ஆய்வகத்தில் காரக் கரைசலில் ஊறவைத்து எடுத்தால் தழும்புகள் துளைகளாகத் தெரியும். சுஜா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அவற்றை எண்ணுவாள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சுற்று வட்டாரத்திலுமாக இருநூறு வீடுகள். எல்லாம் சேர்த்து, இந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குள் இருந்தபடியே வருஷத்துக்கு எவ்வளவு ரேடானைச் சுவாசிக்கிறார் என்று கடைசியில் ஒரே ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும்.

அந்த ஓர் எண்ணுக்காக வருஷங்கள் ஓடிவிட்டன. பகலில் கல்லூரியில் தற்காலிக வேலை, மாலையில் வீடு வீடாகக் கிண்ணம். மேலப்புதூரில் அவளுடைய வீட்டிலும் ஒன்று தொங்குகிறது. கணவன் ரெஜிஸ் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "அந்த ரேடானாவது நம்ம வீட்ல தங்குதே."

அவள் சிரித்தாள். கை கழுவும்போதுதான் அது எங்கேயோ உரசியிருப்பது தெரிந்தது. அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

கிண்ணங்கள் பலவிதமாகக் கெட்டுப்போயின. பாலக்கரையில் ஒரு வீட்டில் தூசி படக் கூடாதென்று பாலித்தீன் பையில் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உறையூரில் ஒருவர், காலேஜ் பொருள் காணாமல் போய்விடக் கூடாதே என்று பீரோவுக்குள் நகையோடு வைத்துப் பூட்டியிருந்தார். "பத்திரமா இருக்குதுங்க, நீங்க கவலையே படாதீங்க" என்று சாவியை எடுத்து வந்தார். அதையெல்லாம் கணக்கிலிருந்து நீக்கினாள். யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்வதும் ஒரு வேலைதான்.

ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதி வீட்டுக்கு அவள் முதலில் போனது ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். கதவைத் திறந்த ரெங்கநாயகிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு கையில் ஈரத் துணி.

"வாங்கோ. செருப்பை அங்கேயே விட்டுடுங்கோ."

படுக்கிற அறை தெருவை ஒட்டிய முன்னறை. பகலிலும் டியூப்லைட் எரிந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் அவளுடைய கணவர் ஸ்ரீரங்கராஜன் சாய்ந்து படுத்திருந்தார். அகன்ற தோள்கள். இடது கை மட்டும் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோலப் போர்வைமேல் கிடந்தது. தெருப்பக்கம் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. இரண்டு கதவும் சாத்தி, இடுக்குகளில் பழுப்பு டேப் ஒட்டி, மேலே கனத்த திரை போட்டிருந்தது.

படிவத்தில் அந்தக் கேள்வி இருந்ததால் சுஜா கேட்டாள். "இந்த ஜன்னல் எப்பவும் மூடியேதான் இருக்குங்களா?"

"மூணு வருஷமா" என்றாள் ரெங்கநாயகி, பால் வந்துவிட்டது என்று சொல்வதுபோல.

"தெருத் தூசி" என்றார் அவர். பேச்சு கொஞ்சம் குழறியது.

ஆணி இருந்தது. கிண்ணத்தை மாட்டிவிட்டுப் பின்கட்டுக்கு வந்தபோது ரெங்கநாயகி காபியை நீட்டினாள். கிணற்றடியில் நின்று குடித்தார்கள். கிணற்றைச் சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்தது. அதன் மேல் பாத்திரங்கள் காய்ந்தன.

"தூசியெல்லாம் இல்லை டீச்சர்" என்றாள் ரெங்கநாயகி தாழ்ந்த குரலில். "இவர் பெருமாளைத் தோள்ல ஏந்தினவர். புறப்பாட்டுல பெருமாள் நடையழகு பாக்கன்னே ஜனம் வரும். நடக்கறது யாரு? தூக்கறவாதானே. தண்டு தோள்ல இருக்கும், பெருமாள் என் கால்ல இருப்பார்னு சொல்லுவார். இப்போ அந்தக் கால் வரலை. இதே ஜன்னலைத் தாண்டித்தான் பெருமாள் புறப்பாடு ஏள்றார். கூட வர்றவாள்லாம் இவரைத் திரும்பிப் பாத்துட்டுப் போவான்னு மூடச் சொல்லிட்டார்."

"நீங்க எங்க படுக்கறீங்க?"

"கட்டிலுக்குக் கீழ பாயைப் போட்டுண்டு. ராத்திரியில திருப்பிப் படுக்க வைக்கணுமோல்லியோ." ஈரத் துணியை உதறி மடித்தாள். "நேக்கு மூச்சு முட்டறதுன்னா, 'டாக்டர் சொன்னாரா?'ம்பார். நான் சொன்னா அது ஒரு வார்த்தை இல்லை. எழுத்துல வந்தா கேப்பார். நீங்க காலேஜ்லேர்ந்து பேப்பர் ஏதாவது குடுப்பேளா?"

"வீட்டுக்கு ஒரு கார்டு குடுப்போம் மாமி."

"ஜன்னலைத் திறக்கணும்னு அதுல எழுதுவேளா?"

"அளவு கூட வந்தா எழுதுவோம். காத்தோட்டம் வேணும்னு அச்சடிச்சே இருக்கும்."

"அப்போ கூட வரட்டும்."

இத்தனை வீடுகளில் இப்படிச் சொன்னவர்கள் யாருமில்லை. எல்லோரும் இந்தச் சனியன் எங்கள் வீட்டில் இருக்கவே கூடாது என்றுதான் சொல்வார்கள். சுஜா காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கேர்ந்து வரும் அது?"

"மண்ணுக்குள்ளேருந்துதான். தரை விரிசல் வழியா வரும். கிணறு, போர் தண்ணி, இதுலயும் இருக்கும்." பஸ்ஸை நினைத்துக்கொண்டே பதில் சொன்னாள். பிறகு படிவத்தின் கடைசிக் கேள்வி. "ஒரு நாளைக்கு வீட்டுக்குள்ள எவ்வளவு நேரம் இருப்பீங்க மாமி?"

"எங்க தாயார் எவ்வளவு நேரம் இருப்பா?"

"யாருங்க?"

"ரெங்கநாயகித் தாயார். படி தாண்டாப் பத்தினி. சன்னதியை விட்டு வெளில வர்றதே கிடையாது. பங்குனி உத்திரத்தன்னிக்குப் பெருமாள்தான் அங்க வந்து அவளோட சேர்ந்து உக்காருவார். அவளுக்கு வருஷத்துக்கு ஒரு நாள். நேக்கு வருஷம் பூரா சேர்த்தி."

தனியாகவே சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு, அறை வரை கேட்டுவிடக் கூடாதென்று பழகிப்போனது.

சுஜா இருபத்துமூன்று என்று எழுதினாள். எழுதும்போதே அந்த எண்ணுக்குப் போக இடமில்லை என்று தெரிந்தது. மனிதர் வருஷத்தில் ஏழாயிரம் மணி நேரம் வீட்டுக்குள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அவள் சூத்திரத்திலும் அதுதான் இருக்கிறது. கடைக்குப் போகிறவர், வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிறவர் எல்லோரையும் அரைத்துக் கலந்து எடுத்த மனிதர் அவர். அவரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்று சுஜாவுக்குத் தோன்றும். பார்த்தால் அவர் யார் மாதிரியும் இருக்க மாட்டார்.

தை பிறந்தபின் கிண்ணங்களைக் கழற்றினாள். மாசியில் அந்த வீட்டுப் படலம் மைக்ராஸ்கோப்புக்கு வந்தது. முதலில் தவறான லென்ஸை வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எறும்புப் புற்றுபோல நெருங்கிக் கிடந்தன. எண்ணவே முடியவில்லை. தோராயமாகக் கணக்குப் போட்டபோது மற்ற வீடுகளைப்போல் முப்பது நாற்பது மடங்கு வந்தது.

அன்றைக்கு அவள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் வந்தாள். வருஷக்கணக்கில் சாதாரண எண்கள். சாதாரணம், சாதாரணம், சாதாரணம். இப்போது ஒன்று. அந்த மாமிக்கு ஜன்னல் கிடைத்துவிடும். தன் ஆய்வுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்துவிடும். இந்த இரண்டில் தான் எதற்குச் சந்தோஷப்படுகிறோம் என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை.

வழிகாட்டி அருள்நாதன் சார் தாளை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன மலைக்கோட்டைக்கு அடியில குடைஞ்சு கட்டின வீடா? ஸ்ரீரங்கம் ஆத்து மணல் மேல உக்காந்திருக்கற ஊரு."

"மூடின ரூம் சார். ஏசி வேற."

"மூடினாலும் இவ்வளவு வராது." மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "ஓரத்துல பாரு. தண்ணி நின்னு காஞ்ச கறை. ஏசி ரூம்ல ஆணியில தொங்கினதுக்குத் தண்ணி எங்கேருந்து வரும்?"

சுஜா பார்த்தாள். கறை இருந்தது. முந்தின நாளும் இருந்திருக்கும்.

"வீட்டை எடுத்துடு. இல்ல, போய் என்னன்னு பாத்துட்டு வா. உன் இஷ்டம்" என்றார். அவருக்கும் அடுத்த வகுப்பு இருந்தது.

போனாள். ரெங்கநாயகி கதவைத் திறந்ததும் கேட்டாள்: "எவ்வளவு வந்தது?"

"மாமி, கிண்ணம் எங்க இருந்துச்சு?"

ரெங்கநாயகி பின்கட்டுக்கு நடந்தாள். சிமெண்ட் பலகைமேல் இருந்த குக்கர் மூடியை நகர்த்தினாள். மோட்டார் குழாய் இறங்குவதற்கு விட்டிருந்த ஓட்டை. கைமுஷ்டி போகும்.

"டீச்சர் கழட்டிண்டு போயிட்டான்னு அவர்ட்ட சொல்லிட்டு, நூலோட இதுல விட்டேன். நீங்க வரேன்னு போன் பண்ணின அன்னிக்குக் காத்தால எடுத்துத் தொடச்சு ஆணியில மாட்டினேன்."

"கிணத்துக்குள்ளயா?"

"நீங்கதானே சொன்னேள், கிணத்துல இருக்கும்னு. கொஞ்சம் கூட வரட்டும்னுதான் பண்ணினேன். ரொம்பவா வந்துடுத்து?"

"யாரும் நம்ப முடியாத அளவுக்கு வந்துடுச்சு."

ரெங்கநாயகி குக்கர் மூடியைத் திரும்ப வைத்தாள். "உப்பு ஜாஸ்தியாப் போட்டுட்டேன்."

"கொஞ்சமா கூட வந்திருந்தா நானே நம்பியிருப்பேன் மாமி" என்றாள் சுஜா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று உறைத்தது. நம்பியிருப்பாள். கார்டு எழுதியிருப்பாள். ஊரின் சராசரிக்குள்ளும் அது போய் உட்கார்ந்திருக்கும், யாருக்கும் தெரியாமல்.

கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். அலுப்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. அதற்கும் அடியில் பொறாமை மாதிரி ஏதோ ஒன்று. அந்த எண் தனக்கு எதற்கு வேண்டும் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. சுஜாவை யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? சமர்ப்பிக்க வேண்டும், சார். தேதி இருக்கிறது, சார்.

"கோபமா டீச்சர்?"

"இல்லீங்க. இன்னொண்ணு கொண்டாந்திருக்கேன். இந்தத் தடவை ஆணியிலேயே இருக்கட்டும்."

"இருக்கும். இந்தத் தடவை அவரையே பாத்துக்கச் சொல்றேன், கண்ணுக்கு எதிரேதானே தொங்கறது. அவரைவிடக் காவல் வேணுமா? பல்லி போனாலே என்னைக் கூப்பிடறார்." சற்று நின்று கேட்டாள். "கம்மியா வந்தா?"

"கம்மின்னுதான் மாமி எழுதணும்."

"எழுதத்தான் வேணும்" என்றாள் ரெங்கநாயகி.

கோடை வெயில் ஏறி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கியது. ஆனியில் அந்தப் படலத்தைக் கழற்றி வந்து எண்ண உட்கார்ந்தபோது சுஜா கதவைச் சாத்திக்கொண்டாள். புழுதியில் விழுந்த முதல் தூறல் போல அங்கொன்று இங்கொன்றாகத் துளைகள். ஒரு தடவை எண்ணினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினாள். இரண்டு துளை ஒட்டிக்கொண்டிருந்த இடங்களை மூன்றாக இருக்குமோ என்று பார்த்தாள். இல்லை. ஊர்ச் சராசரியைவிட ஒரு துளி கூட. கவலைப்பட வேண்டிய எல்லைக்கு வெகு கீழே.

அது எப்படி என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. டேப் ஒட்டிய ஜன்னல், உள்காற்றையே சுற்றிவிடும் ஏசி. அந்த அறை இதைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். மாமி மறுபடி ஏதாவது செய்துவிட்டாளோ என்றுகூட நினைத்தாள். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போது பிடிபட்டது. அந்த அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. வெந்நீருக்கு, கஞ்சிக்கு, மாத்திரைக்கு, படுக்கைத் துணி மாற்ற, பல்லியை விரட்ட, அவர் கூப்பிட்டதற்கெல்லாம் ரெங்கநாயகி அதைத் திறந்துகொண்டு போகிறாள், வருகிறாள். ஒவ்வொரு தடவையும் கூடத்துக் காற்று உள்ளே போகிறது, அறைக் காற்று வெளியே வருகிறது. அவள் நடப்பதுதான் அந்த அறைக்குக் காற்றோட்டம்.

சுஜா வடிதட்டைப் பிடித்தபடி நின்றாள். "கை சுடப் போகுது" என்றான் ரெஜிஸ்.

மறுநாள் கார்டை எடுத்துக்கொண்டு போனாள். ரெங்கநாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். அறைக்குள் கூட்டிப் போனாள். ஸ்ரீரங்கராஜன் நல்ல கையை நீட்டிக் கார்டை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"அளவு இயல்பானது. நடவடிக்கை தேவையில்லை." மனைவியைப் பார்த்தார். "பாத்தியா? காலேஜ்லேர்ந்தே எழுதிக் குடுத்திருக்கா. ஒரு தோஷமும் இல்லை. நீதான் மூச்சு மூச்சுன்னு சொல்லிண்டிருந்தே."

ரெங்கநாயகி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுஜா கிளம்பியிருக்கலாம். அவளுடைய வேலை கார்டைக் கொடுப்பதோடு முடிந்துவிட்டது. ஜீயபுரத்தில் வேறு வீடு காத்திருந்தது.

"மாமா, இவ்வளவு அடைச்ச ரூமுக்கு இந்த அளவு கம்மி" என்றாள். "எப்படின்னு யோசிச்சுப் பாத்தேன். மாமி நாள் பூரா கதவைத் திறந்து திறந்து வந்து போறாங்க இல்லீங்களா? அதனாலதான் காத்து மாறுது. மாமி நடக்கலைன்னா இந்த கார்டுல வேற எழுதியிருப்பேன்."

அவர் யோசித்தார். "அப்போ ஜன்னல் வேண்டாம்னு ஆயிடுத்து."

கணக்குப்படி அவர் சொன்னது சரி.

"நேக்கு வேணும்" என்றாள் ரெங்கநாயகி.

"என்னது?"

"நேக்கு மூச்சு முட்டறது. டாக்டர் சொல்லலை. காலேஜ் சொல்லலை. நான் சொல்றேன். நாள் பூரா நடந்துட்டு ராத்திரி கீழ படுத்தா நெஞ்சுமேல யாரோ உக்காந்திருக்கா மாதிரி இருக்கு. உங்களுக்குப் பேப்பர்ல வராது அது."

"தெருவே பாக்கும்டி."

"தெருவுக்கு வேற வேலை இருக்கு. மொத வருஷம் போறவா வர்றவாள்லாம் எப்படி இருக்கார்னு கேட்டா. இப்போ ஒருத்தரும் கேக்கறதுகூட இல்லை."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். வாய் திறந்தபடி நின்றது. அவர் முகம் மாறவில்லை. கார்டைப் பிடித்திருந்த கை மட்டும் மெல்ல இறங்கிப் போர்வைமேல் படிந்தது. இப்போது இரண்டு கையும் ஒன்றுபோலக் கிடந்தன. வெளியே ஆட்டோ ஒன்று போயிற்று. சுஜா தன் பையின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இருநூறில் ஒரு வீடாக நுழைந்தவள், இப்போது எங்கே பார்ப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றாள்.

"ஒருத்தருமா?" என்றார் அவர்.

ரெங்கநாயகி போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டாள்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "விளக்கை அணைச்சப்புறம் திறந்துக்கோ. விடியறதுக்குள்ள சாத்திடணும்."

அவள் வெளியே போனாள். தேங்காயெண்ணெய்க் கிண்ணியும் ஒரு பழைய கரண்டியும் எடுத்து வந்தாள். திரையை ஒதுக்கி, டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி இழுத்தாள். டேப்போடு பெயிண்டும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

"இப்பவேவா?"

"இப்போ எண்ணெய் விட்டாத்தானே ராத்திரிக்கு அசையும். துருப் பிடிச்சுக் கெடக்கு."

தாழ்ப்பாளின்மேல் எண்ணெயை விட்டுக் கரண்டிக் காம்பால் தட்டினாள். அது நகரவில்லை. மறுபடி விட்டாள். எண்ணெய் அவள் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஒழுகியது.

"தெருவுக்கே கேக்கும். மெதுவாத் தட்டு" என்றார் அவர். நல்ல கையால் தலையணைப் பக்கத்துத் துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டார்.

"நீங்க கெளம்புங்கோ டீச்சர், உங்களுக்கு பஸ் போயிடும்" என்றாள் ரெங்கநாயகி, திரும்பாமலே. பிறகு, "ஒரு நிமிஷம் இந்தக் கதவை மட்டும் உங்க பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கறேளா?"

சுஜா பையைத் தரையில் வைத்தாள். ஜன்னல் கம்பிக்குள் விரல்களைக் கொடுத்து, கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.